டொமினிக்கன் என்றால் துறவியா, நாட்டவரா? கேள்வி பதில்

கேள்வி: செய்தியில் 'டொமினிக்கன் பாதிரியார்' என்று வருகிறது. அவர் எந்த நாட்டுக்காரர்?

பதில்: அந்த ஒரு சொல்லை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. பெயருக்குப் பின்னால் 'ஓ.பி.' என்று இருந்தால் அவர் போதகர் சபைத் துறவி. ஸ்பெயினில் பிறந்த புனித தோமினிக் தொடங்கிய சபை அது. 1216இல் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுஸ் அங்கீகரித்தார். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு அந்தப் புனிதர் சாமிநாதர். மொழிபெயர்ப்பவர்கள் 'சாமிநாதர் சபைத் துறவி' என்று எழுதினால் குழப்பமே வராது.

கேள்வி: டொமினிக்காவும் டொமினிக்கன் குடியரசும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. குடியரசு, ஹெய்ட்டி இருக்கும் அதே தீவில் கிழக்குப் பகுதி, மொழி ஸ்பானிஷ். டொமினிக்கா வேறொரு சிறு தீவு, ஆட்சிமொழி ஆங்கிலம், 1978இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. கொலம்பஸ் அதைக் கண்டது 1493 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. லத்தீனில் ஞாயிற்றுக்கிழமைக்கு 'டொமினிக்கா' என்று பெயர், அதுவே தீவுக்கும் ஆனது.

கேள்வி: குடியரசுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தத் துறவிகள்தானே?

பதில்: அல்ல. நாட்டின் பெயர் தலைநகர் சாந்தோ தொமிங்கோவிலிருந்து வந்தது. கொலம்பஸின் தம்பி பர்த்தலோமியு 1490களில் நிறுவிய நகரம் அது. துறவிகள் அந்தத் தீவில் கால் வைத்ததே 1510இல்தான்.

கேள்வி: எப்போது வந்தால் என்ன? ஸ்பானிய ஆதிக்கக்காரர்களுக்குத் துணைபோனவர்கள்தானே?

பதில்: அப்படி ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். 1511 டிசம்பர் 21 அன்று அதே நகரில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி பிரசங்க மேடை ஏறினார். எதிரே ஆளுநர் தியேகோ கொலம்பஸும், அந்தத் தீவின் பழங்குடிகளான தைனோ மக்களைச் சுரங்கங்களில் வதைத்து வேலை வாங்கிய குடியேறிகளும். "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்லி நெருக்கினார்கள். அடுத்த ஞாயிறு அதையே இன்னும் கடுமையாகச் சொன்னார். மடத்தின் தலைவர் பேத்ரோ தெ கோர்தோபாவும் சக துறவிகளும் அவர் பின்னால் நின்றார்கள். பழங்குடியினரை நடத்தும் விதம் பற்றி ஸ்பானிய அரசன் மறு ஆண்டு கொண்டுவந்த புர்கோஸ் சட்டங்கள் தைனோக்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அரசனைச் சட்டம் இயற்ற வைத்தது அந்தக் குரல்தான்.

கேள்வி: ஸ்பானிய மதவிசாரணையின் தலைவர் தொர்க்கெமாதா எந்தச் சபை?

பதில்: இதே சபைதான். மறைப்பதற்கில்லை. அந்தக் கொடுமையையும் சொல்லுங்கள், மொந்தெசினோஸையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிப்பது வரலாறு ஆகாது.

கேள்வி: தைனோக்கள் சார்பில் பேசியவர் லாஸ் காசாஸ் என்றுதானே படித்தோம்?

பதில்: அவர் குரல் கொடுத்தது பிறகுதான். 1511இல் அவரே பழங்குடியினரை வைத்து வேலை வாங்கிய நிலக்காரர். 1514இல் அதைக் கைவிட்டார். சபையில் சேர்ந்தது அதற்கும் பிறகு. மொந்தெசினோஸ் பேசியது நமக்குத் தெரிவதே லாஸ் காசாஸ் எழுதிவைத்ததால்தான்.

கேள்வி: டொமினிக்காவும் குடியரசும் ஒரே நாடா?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அங்கே போக விசா வேண்டுமா?

பதில்: எந்த நாட்டுக்கு என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த நாட்டுத் தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: 'டொமினிக்கன் பேஸ்பால் வீரர்'?

பதில்: குடியரசின் குடிமகன். அங்கே பேஸ்பால் உயிர்.

கேள்வி: 'டொமினிக்கன் சகோதரி' என்பதை 'டொமினிக்கன் நாட்டுச் சகோதரி' என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அவர் சாமிநாதர் சபைக் கன்னியர். பிறந்த ஊர் திருச்சியாகக்கூட இருக்கலாம்.