பெண் மீன் எதைப் பார்த்துத் துணை தேடுகிறது?

கேள்வி: என் தொட்டியில் பெண் கப்பிகள் ஆரஞ்சுப் புள்ளி அதிகமுள்ள ஆணிடமே போகின்றன. அப்படி என்ன இருக்கிறது அந்தப் புள்ளியில்?

பதில்: அந்த ஆரஞ்சில் ஒரு பங்கு கரோட்டினாய்டு என்னும் நிறமி. அதை மீனால் உடம்புக்குள் தயாரிக்க முடியாது, பாசி போன்ற இரையிலிருந்துதான் வரவேண்டும். நன்றாக இரை தேடும் ஆணுக்குப் புள்ளி பளிச்சென்று இருக்கும். ஆண் கப்பி கூடு கட்டாது, குஞ்சையும் பார்த்துக்கொள்ளாது. அதனால் அதன் உடம்பைப் பார்த்துத்தான் பெண் முடிவெடுக்க வேண்டும். ஆனால் நிறத்துக்கு விலையும் உண்டு. கப்பியின் தாயகமான டிரினிடாட்டில், வேட்டை மீன்கள் மிகுந்த ஓடைகளில் ஆண்கள் மங்கலாகவே இருக்கின்றன என்று உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1980-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

கேள்வி: ஒரு பெண் தேர்ந்த ஆணையே இன்னொன்றும் தேர்கிறது. பார்த்துக் கற்றுக்கொள்ளுமா?

பதில்: கப்பியில் உண்டு. 1992-ல் லீ டுகட்கின் செய்த சோதனைகளில், வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் பார்த்த ஆணையே பெண்கள் பெரும்பாலும் நாடின.

கேள்வி: ஆணின் கூட்டில் ஏற்கெனவே வேறு பெண்ணின் முட்டை இருந்தால்?

பதில்: விலகிப் போகும் என்றுதான் நினைப்போம். ஸ்டிக்கிள்பேக் என்ற, முதுகில் முள்ளுள்ள சிறு மீனில் நேர்மாறு, முட்டை இருக்கும் கூட்டைத்தான் பெண் விரும்பும். நிறைய முட்டை இருந்தால் தன் முட்டை இரையாகும் வாய்ப்பு குறையும், ஆணும் கூட்டைக் கைவிடாது. இதற்காகவே சில ஆண்கள் பக்கத்துக் கூட்டிலிருந்து முட்டையைத் திருடிவந்து வைத்துக்கொள்ளும்!

இந்த மீனில் முட்டையைக் காப்பது ஆண் மட்டும்தான். தன் சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் நீர்ச்செடித் துணுக்குகளை ஒட்டிக் கூடு கட்டும், துடுப்பால் விசிறி முட்டைக்குப் புது நீர் அனுப்பும். நோஞ்சான் ஆணால் இதெல்லாம் ஆகாது. அதனால் பெண் அதன் சிவந்த வயிற்றையும் கவனிக்கும். மிலின்ஸ்கி, பாக்கர் இருவரும் 1990-ல் வெளியிட்ட சோதனையில், நம் தொட்டிகளில் வரும் அதே வெள்ளைப்புள்ளி நோய் தாக்கிய ஆண்களின் சிவப்பு மங்கியது, பெண்களின் நாட்டமும் குறைந்தது. பச்சை விளக்கொளியில், சிவப்பு தெரியாதபோது, அந்தப் பாகுபாடே காணவில்லை.

கேள்வி: பெரிய ஆணுக்கு நல்ல இடம் கிடைக்கிறது. பெண் ஆணைத் தேர்கிறதா, இடத்தையா?

பதில்: எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், பிரித்துப் பார்க்க ஆளை மாற்ற வேண்டும். கரீபியன் கடலின் நீலத்தலை ராஸ் என்ற பவளத்திட்டு மீனில் ஆய்வாளர் ராபர்ட் வார்னர் அதைத்தான் செய்தார். பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளின் பவளத்திட்டுகளில் ஆண்களை மட்டும் மாற்றினார். பெண்கள் இணைசேரப் பழைய இடங்களுக்கே வந்தன, புது ஆணோடு சேர்ந்தன. பெண்களை மாற்றியபோதுதான் இடங்கள் மாறின. ஆக, இங்கே தேர்வு இடத்துக்கு. பெண்கள் எங்கே வரும் என்று பார்த்து, வலுவான ஆண் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம் இன்னொன்று. மாற்றம் செய்யாத திட்டுகளில் அதே இடங்கள் 12 ஆண்டுகள், பல தலைமுறை தாண்டியும் பயன்பாட்டில் இருந்தன. ஒரு திட்டின் மீன்களை மொத்தமாக அகற்றி வேறு மீன்களை விட்டதும், அவை வேறு இடங்களைப் பிடித்து அவற்றையே தொடர்ந்தன. இடத்தின் அமைப்பு மட்டுமே காரணம் என்றால் பழைய இடங்களையே பிடித்திருக்க வேண்டும். ஆகவே இதில் வழிவழியாக வந்த வழக்கத்துக்கும் பங்கு உண்டு. மீனுக்கும் மரபு உண்டு என்பதை நான் இப்படித்தான் நம்ப ஆரம்பித்தேன்.

கேள்வி: கலங்கிய நீரில் பெண் எப்படித் தேர்ந்தெடுக்கும்?

பதில்: தடுமாறும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் சிக்லிட் மீன் இனங்கள் சிலவற்றில், நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்களைப் பிரித்து வைப்பதே ஆணின் நிறம்தான்: ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பெண் அந்த நிறத்தைப் பார்த்தே தன் இன ஆணோடு சேரும், நிறம் தெரியாவிட்டால் இரண்டும் கலந்துவிடும். சுற்றியுள்ள நிலங்களிலிருந்து வரும் சத்துகளால் பாசி பெருகி ஏரி கலங்கியது. கலங்கிய பகுதிகளில் நிறங்கள் மங்கியிருப்பதையும், இனங்களும் குறைவாக இருப்பதையும் 1997-ல் ஓலே ஸீஹாசன் குழு காட்டியது. வலை போடாமலே, நீரைக் கலக்கியே ஒரு இனத்தை இன்னொன்றில் கரைத்துவிட முடிகிறது. ஏரி மாசு பற்றிப் பேசும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.