அயர்ன் பாக்ஸ் முதல் கீசர் பிளக் வரை: வோல்ட், ஆம்பியர், ஓம் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அயர்ன் பாக்ஸில் 230 வோல்ட், 1000 வாட்ஸ் என்று மட்டும் போட்டிருக்கிறது. ஆம்பியரும் ஓமும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1000 ÷ 230 = 4.35. வோல்ட்டை அந்த ஆம்பியரால் வகுத்தால் 52.9 ஓம், அதாவது கரண்டைத் தடுக்கும் தடையின் அளவு. ஜெர்மன்காரர் ஓம் 1827-ல் எழுதி வைத்த கணக்கு, இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் சாயங்காலம் 180 வோல்ட்தான் வருகிறது. அப்போது அதே பெட்டி 780 வாட்ஸ் எடுக்கும், சரியா?

பதில்: இல்லை தம்பி, இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குவார்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறையும். 180 ÷ 52.9 = 3.4 ஆம்பியர், 180 × 3.4 = 612 வாட்ஸ். வோல்ட் 22 சதவீதம் இறங்கியதற்கு வாட்ஸ் 39 சதவீதம் இறங்கிவிட்டது. பில் மிச்சம் என்று நினைக்காதீர்கள், பெட்டி சூடேற அவ்வளவு நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

கேள்வி: 60 வாட்ஸ் குண்டு பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம். ஓம் அளக்கும் என் மல்டிமீட்டர் 65 காட்டுகிறது. மீட்டர் போச்சா அண்ணே?

பதில்: மீட்டருக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அளந்தது ஆறிப்போன பல்பை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரியைத் தாண்டும், ஓமும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் 230 ÷ 65, அதாவது மூன்றரை ஆம்பியர் பாய்கிறது. எரியத் தொடங்கியதும் வெறும் 0.26. பழைய பல்பெல்லாம் ஸ்விட்ச் போடும்போதே 'டப்'பென்று போனது இதனால்தான். அயர்ன் பாக்ஸில் இருப்பது நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி, சூட்டில் அதன் ஓம் கொஞ்சம்தான் மாறும். அதனால்தான் மேலே போட்ட கணக்கு நின்றது.

கேள்வி: 60 வாட்ஸ் பல்பையும் 100 வாட்ஸ் பல்பையும் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில்) போட்டால் எது பிரகாசம்?

பதில்: 60. இரண்டிலும் ஒரே ஆம்பியர். ஓம் அதிகம் உள்ள 60 வாட்ஸ் பல்புதான் அதிக வாட்ஸ் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் சுருள் 15 ஓம் காட்டியது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 3500 வாட்ஸ் வருகிறது! ஃபிரிட்ஜில் போட்டிருப்பதோ 150.

பதில்: மல்டிமீட்டருக்குள் இருப்பது பேட்டரி. அது செம்புக் கம்பியின் தடையை மட்டும்தான் பார்க்கும். வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) கரண்டில் ஓடும் மோட்டார் தானே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக் கரண்டைத் தடுக்கிறது. மோட்டார் உள்ள சாமானுக்கு ஓட்டத்தில், கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் போடுங்கள். ஒரு ஆம்பியர் காட்டி, பவர் ஃபேக்டர் (வோல்ட் × ஆம்பியரில் நிஜமாக வாட்ஸாகும் பங்கு) 0.65 என்றால் 230 × 1 × 0.65, சுமார் 150 வாட்ஸ்.

கேள்வி: கீசர் 3000 வாட்ஸ், பிளக் 16 ஆம்பியர். லோடு சரிதானே, ஏன் பின் கருகுகிறது?

பதில்: லோடு சரிதாம்மா, 13 ஆம்பியர்தான். சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்திருக்கும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும்: 13 × 0.1 = 1.3 வோல்ட் அங்கே விழும், 1.3 × 13 = 17 வாட்ஸ். 25 வாட்ஸ் சால்டரிங் அயர்ன் ஈயத்தையே உருக்குகிறது. இங்கே 17 வாட்ஸும் நகக்கண் அளவு இடத்தில் இறங்குகிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் புதுசும் கருகும். எலக்ட்ரீஷியனிடம் மெயினை ஆஃப் செய்யச் சொல்லி சாக்கெட்டையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதுவரை கீசரைப் போடாதீர்கள்.