கம்பளிக்குள் புரளுகிறவர்களுக்கு: தூக்கம் பற்றிக் கேள்வி பதில்

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், கோத்தகிரிப் பக்கம். தூக்கம் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஊட்டியிலிருந்து: சிஸ்டர், பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணி வரை புரளுகிறேன். தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடு என்கிறார்கள். மார்கழிக் குளிரில் கம்பளியை விட்டு எப்படி எழுவது?

நியாயமான கேள்வி. இந்த அறிவுரையைச் சொல்கிறவர்கள் தலைகுந்தாவில் உறைபனி விழும் இரவில் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அறிவுரை சரிதான். தினமும் மூன்று மணி நேரம் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தால், கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். டிவி முன்னால் தலை தொங்கத் தூங்கியவருக்குக் கட்டிலுக்குப் போனதும் கண் பளிச்சென்று திறந்துகொள்வது இதனால்தான்.

ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் சொன்ன முறை இது. கண் சொருகும்போது மட்டும் படுங்கள். சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். மறுபடி கண் சொருகினால் திரும்பி வாருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். நிமிடத்தை எண்ணக் கடிகாரம் பார்க்காதீர்கள், குத்துமதிப்பு போதும்.

குளிருக்கு முன்னேற்பாடுதான் வழி. படுக்கும் முன்பே ஒரு நாற்காலியில் இன்னொரு கம்பளி, குல்லா, காலுறை, பக்கத்தில் பிளாஸ்க் நிறைய வெந்நீர், மங்கலான விளக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். படிக்க ஒரு பழைய வார இதழ் போதும், மொபைல் வேண்டாம். ஒரே அறை உள்ள லைன் வீடு, எங்கே போவது என்றால், படுக்கையிலேயே எழுந்து சுவரில் சாய்ந்து உட்காருங்கள். படுத்தபடி மல்லுக்கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குன்னூரிலிருந்து: கால் ஐஸ் மாதிரி இருக்கிறது, அதனால்தான் தூக்கம் வரவில்லையோ?

இருக்கலாம். கை கால்களில் ரத்தக்குழாய் விரிந்து சூடு வெளியேறினால்தான் உடம்பின் உட்சூடு இறங்கும். அது இறங்கும்போதுதான் தூக்கம் பிடிக்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் காலை வைத்துத் துடைத்து, காலுறை போட்டுப் படுங்கள். வெந்நீர்க் குளியல் என்றால் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் ஹாட் வாட்டர் பேக் பக்கமே போக வேண்டாம், வெந்துபோவதுகூடத் தெரியாது. வெந்நீரையும் வீட்டில் வேறு யாராவது தொட்டுப் பார்க்கட்டும்.

கேத்தியிலிருந்து, கேரட் விவசாயி: இருட்டிவிட்டால் வேறு வேலை இல்லை, ஒன்பதுக்கே படுத்துவிடுவேன். மூன்று மணிக்கு முழிப்பு. ஆறு மணி வரை கிடந்து யோசனைதான்.

அண்ணா, ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரம் நீங்கள் தூங்கிவிட்டீர்கள்! தூக்கம் ஆறு மணி நேரம், படுக்கை ஒன்பது மணி நேரம், அதுதான் சிக்கல். கொஞ்ச நாளுக்கு இரவு பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்துவிடுங்கள், பகல் தூக்கம் கூடாது. இடையில் விழிக்காமல் தூங்கத் தொடங்கியதும், வாரத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் குறைக்காதீர்கள். முதல் வாரம் பகலில் கண்ணைக் கட்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீங்களே வண்டி ஓட்டுகிறவர் என்றால் அந்த நாட்களில் வேறு ஆளை அனுப்புங்கள், கொண்டை ஊசி வளைவில் பரிசோதனை வேண்டாம். வலிப்பு, இருமுனை மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

கூடலூரிலிருந்து: ராத்திரி ஸ்ட்ராங்காக டீ குடித்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். பழகிய உடம்பை டீ என்ன செய்யும்?

தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பகல் முழுக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேரச் சேரத்தான் தூக்கம் தள்ளும். டீயில் உள்ள கஃபீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி அளவு பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். தூங்கிவிடுவீர்கள், ஆனால் ஆழம் குறையும். இரண்டு வாரம் மதியம் இரண்டு மணி டீயோடு நிறுத்திப் பாருங்கள். கிரீன் டீயிலும் கஃபீன் உண்டு.

டீ பேக்டரி நைட் ஷிஃப்ட் தம்பி: காலையில் வந்து படுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தூங்க முடியவில்லை.

வெயில்தான் எதிரி. வீடு திரும்பும்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஜன்னலுக்குக் கெட்டித் துணி. ஷிஃப்டின் பிற்பாதியில் டீ வேண்டாம். வீட்டார் மிக்ஸி ஓட்டும் நேரத்தையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், இதை யாரும் செய்வதில்லை.

நீலகிரித் தைலம் தேய்த்தால் தூக்கம் வருமா?

மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். தூக்க மருந்து அல்ல. உள்ளுக்குக் குடிக்கவே கூடாது, கைக்குழந்தைக்கும் தடவக்கூடாது.

குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறதே?

முதல் பாதி வரும். அப்புறம் நடு ராத்திரியில் அதே சரக்கு எழுப்பிவிடும். குறட்டையும் கூடும்.

கோத்தகிரியிலிருந்து: தூக்கத்துக்காக மெடிக்கலில் அல்பிரசோலம் மாத்திரை வாங்கி அம்மா வருடக்கணக்கில் போடுகிறார். இன்றோடு நிறுத்திவிடட்டுமா?

வேண்டவே வேண்டாம். திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை இரவில் பாத்ரூம் போகும் வழியில் விளக்கு எரியட்டும், இந்த மாத்திரை போடும் பெரியவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது உண்டு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, மேலே ஊட்டிக்காரருக்கும் கேத்தி அண்ணனுக்கும் சொன்ன பயிற்சிகள் அடங்கிய நடத்தைச் சிகிச்சைதான். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி என்றால் டாக்டரைப் பாருங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்ற நினைப்பில் விழித்துக் கிடப்பவர்கள் அந்த நேரத்திலேயே 14416-க்குப் போன் செய்யலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.