"சின்னச் சின்ன வேலைதான் இருக்கு" என்று சொல்லி விற்கிற பழைய எம்.ஜி. காரை நம்பி வாங்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: அக்கரைப்பற்றில் 1970 அளவில் வந்த எம்.ஜி. மிட்ஜெட் (இரண்டு பேர் இருக்கும் சின்னப் பிரிட்டிஷ் கார்) ஒன்று விலைக்கு நிற்கிறது. ஓடுகிறது. ஆனால் பின்பக்கம் ஒரு லைற் மங்கல், பெற்றோல் மீற்றர் அசையவில்லை, சில நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகிறது. விற்கிறவர் "சின்ன வேலைதான், ஒரு நாள்ல முடிக்கலாம்" என்கிறார்.

அவர் சொன்னதை நம்பலாம். நான் நாவற்குடாவில் ஒரு 1967 மிட்ஜெட்டை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன், நீங்கள் எழுதியிருக்கிற மூன்று கோளாறும் எனக்கும் வந்தவை, மூன்றையும் சேர்த்து நான் செலவழித்தது ஒரு ரயர் வாங்கும் காசுகூட இல்லை. என்னைப் படுத்தியது எனக்கு விற்றவர் சொல்லாத ஒன்று. (என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்காதீர்கள், வீட்டிலும் இந்தத் தளத்தைப் படிக்கிறார்கள்.)

அந்தச் சொல்லாத விஷயம் பொடி, அதாவது காரின் தகர உடம்பு. கார் பார்க்கப் போனால் பொனற்றைத் திறந்து காட்டுவார்கள், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார்கள், சத்தத்தைக் கேட்டதும் நமக்குப் புத்தி போய்விடும். நீங்கள் நேரே கதவுக்கடியில் குனியுங்கள். மிட்ஜெட்டுக்கு லொறி மாதிரித் தனி செசி (அடிச்சட்டம்) கிடையாது, தகரப் பொடிதான் காரையே தாங்குகிறது. அதிலும் மேல்கூரை இல்லாத கார் என்பதால் பாரம் முழுவதும், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடுகிற தகரப் பெட்டியில்தான் விழும். டிங்கர் வேலை செய்கிறவர்கள் அதைச் 'சில்' என்பார்கள். அது உக்கினால் கார் நடுவால் தொய்யத் தொடங்கும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் இரண்டு பக்க 'சில்' பெட்டியிலும் அடியோடு வைத்துப் பாருங்கள், தகரம் என்றால் பிடிக்கும், ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டி என்றால் நழுவும். அப்புறம் ஜக் போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் பொடிக்கும் இடையில் உள்ள இடைவெளி மாறுகிறதா, கதவு இறுகுகிறதா என்று பாருங்கள். மாறினால் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நான் இதையெல்லாம் தெரிந்துதான் போனேன். ஆனால் கார் இடப்பக்கம் சுவரோடு ஒட்டினாற்போல் நின்றது. வலப்பக்கம் காந்தம் நன்றாகப் பிடித்தது. மற்றப் பக்கத்தைப் பார்க்கத் தள்ளி நிறுத்தச் சொல்ல எனக்கு ஒரு வெட்கம், விற்ற பெரியவர் தேத்தண்ணி வேறு தந்துவிட்டார். வாங்கி ஒரு மாதத்தில் ஜக் வைத்த இடம் 'சரக்' என்று உள்ளே போனது. டிங்கர் தம்பி தட்டிப் பிரித்தபோது பட்டி, அதற்கடியில் பைபர் துணி, அதற்கும் அடியில் சுருட்டித் திணித்த சிமெந்துப் பைக் கடதாசி, '50 கிலோ' என்ற எழுத்துக்கூட அழியவில்லை. அந்தப் பக்கத்தை வெட்டி, புதுத் தகரம் மடித்து ஒட்டி முடிக்க நாலு மாதம் போனது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறோம், நம் பக்கம் நின்ற காருக்கு உப்புக் காற்றே போதும். அதோடு 2004 சுனாமித் தண்ணீரிலோ 2011 ஜனவரி வெள்ளத்திலோ நின்றதா என்று வாய்விட்டே கேளுங்கள். சில பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பின்பக்க இலைவில் பூட்டியிருக்கிற இடத்தையும், கால் வைக்கும் தரைத் தகரத்தையும் பாய்விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அவ்வளவுதான் பொடி.

எஞ்சினைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர் காத்தான்குடியில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக். பழைய மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அவரிடம்தான் அனுப்புவார்கள். என் காரின் பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது மைனர்ட எஞ்சின். சேட்டுத்தான் மாத்திப் போட்டிருக்கு."

உண்மைதான். ஏ சீரிஸ் என்று சொல்லும் அந்த எஞ்சின் 1951ல் ஒஸ்டின் ஏ30 காரோடு வந்தது, பிறகு மைனர், மினி, மிட்ஜெட் எல்லாவற்றுக்குள்ளும் போனது. மைனரில் கடைசியாக வந்தது 1098 சிசி, என்னுடையதும் நீங்கள் பார்க்கிறதும் 1275. அதனால் பிஸ்டன், ஹெட் கேஸ்கற் பொருந்தாது, அவற்றை இங்கிலாந்திலிருந்துதான் எடுப்பிக்க வேண்டும். ஆனால் பாதி வழியில் நிற்க வைக்கிற சாமான்கள், அதாவது பொயின்ற், கண்டென்சர், ரோட்டர், டைனமோ பிரஷ், இதெல்லாம் மைனருடையதே. கொழும்பு பஞ்சிகாவத்தையில் மைனர் சாமான் வைத்திருக்கும் கடையில் கேட்டால் கிடைக்கும். கடையில் 'எம்.ஜி.' என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்று சீன எம்.ஜி. ஜீப்பின் சாமானை எடுத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் விலையை இரண்டு மடங்காக்குவார்கள். மைனருக்கு என்று கேளுங்கள்.

இனி உங்கள் மூன்று கோளாறு.

லைற் மங்கல். எனக்கு இது கல்முனையிலிருந்து இருட்டுப்படத் திரும்பிய ஒரு நாள் தெரிய வந்தது. வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் சிக்னலோடு சேர்ந்து பின் லைற்றும் அணைந்து அணைந்து எரிகிறது, பிரேக்கை மிதித்தால் சிக்னலே நின்றுபோகிறது. பின்னால் வந்த திரீவீல்காரர் களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஹோன் அடித்துக்கொண்டே வந்தார், பாவம், நான் எங்கே திரும்பப் போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும். பல்ப் மாற்றினேன், பிளாஷர் மாற்றினேன், சுவிட்சைக் கழற்றி மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தக் காத்தான்குடி மெக்கானிக்கிடம்தான் கொண்டு போனேன், அவரை நான் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு நீள வயரை எடுத்தார், ஒரு முனையைப் பற்றரியின் எர்த் பக்கத்தில், அதாவது பொடியோடு தொடுத்திருக்கும் முனையில் பிடித்தார், மற்ற முனையால் பின் லைற்றின் இரும்பைத் தொட்டார். லைற் பளிச்சென்று எரிந்தது. எடுத்தார், மங்கியது. திரும்பத் தொட்டார், எரிந்தது. "எர்த் இல்ல தம்பி. பல்ப் என்ன பாவம் செஞ்சிச்சு?"

டிக்கிக்குள் ஒரு மூலையில் கறுப்பு வயர் ஒன்று பொடியோடு ஆணி போட்டு இறுக்கியிருந்தது. கழற்றினால் வயரின் முனை பச்சைக் களிம்பு பிடித்து, விரலால் தேய்க்க மாவாய்க் கொட்டியது. உப்புத்தாள் போட்டு வயர் முனையையும் பொடியையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வஸ்லின் பூசினோம். பத்து நிமிடம். பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்கஸ் கம்பனியின் வயரிங்கை உலகமெல்லாம் பகிடி பண்ணுவார்கள், கம்பனியைத் தொடங்கிய லூக்கஸை 'இருட்டின் இளவரசர்' என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் ஐம்பது அறுபது வருடம் உப்புக் காற்றில் கிடந்த வயர் முனையை ஒருவரும் தேய்க்காவிட்டால் எந்தக் கம்பனி செய்தாலும் இதுதான். வயர் நிறத்தை மட்டும் மனதில் வைத்திருங்கள்: மண்ணிறம் எப்போதும் கரண்ட் உள்ளது, வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதிலிருந்து பியூஸ் வழியாகப் போவது, சிவப்பு பக்க லைற், நீலம் பெரிய லைற், கறுப்பு எர்த். இவ்வளவு தெரிந்தால் எந்த மெக்கானிக்கும் உங்களை ஏமாற்ற முடியாது.

பெற்றோல் மீற்றர் அசையாததும் பெரும்பாலும் இதே கதை. பெற்றோல் தாங்கியில் அளவு பார்க்கிற மிதவைக்கு எர்த் வராது. சாவியைப் போட்டு, மிதவைக்குப் போகும் வயரைக் கழற்றி ஒரு கணம் மட்டும் பொடியில் தொடுங்கள், தாங்கியின் மூடியும் பெற்றோலும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு. முள் மெல்ல முழு அளவுப் பக்கம் ஏறினால் மீற்றர் நல்லது, எர்த்தையோ மிதவையையோ பாருங்கள்.

எஞ்சின் நிற்பது. இந்தக் காரில் பெற்றோல் பம்ப் பின்பக்கம் அடியில் இருக்கும் எஸ்.யு. மின்பம்ப். சாவியைப் போட்டதும் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றரின் மிதவை ஊசி மூடவில்லை. சத்தமே வராவிட்டால் உள்ளே இருக்கும் பொயின்ற் கருகியிருக்கும். என்னுடையது கல்லடிப் புதுப்பாலத்தின் நட்டநடுவில் நின்றது. மாலை ஆறு மணி, பாலத்தில் காற்று வாங்க வந்தவர்கள் எல்லாரும் காரைச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள், ஒருவராவது தள்ளினால்தானே. காக்காவுக்குப் போன் பண்ணினேன், "வீல் ஸ்பானரால பம்ப்ல மெதுவா ஒரு தட்டுத் தட்டுங்க" என்றார். படுத்துக் கை விட்டுத் தட்டினேன், டிக் டிக் என்று உயிர் வந்தது. அன்றைக்கு எடுத்த படத்தில் என் இரண்டு கால் மட்டும் தெரிகிறது.

தட்டுவது வீடு வந்து சேர்வதற்கு மட்டும். மூலகாரணம் தாங்கி. 2022ல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கிவ்ஆர் கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் என்று இருந்த காலத்தில் இந்த மாதிரிக் கார்களை எல்லாரும் மூடிப்போட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளே கிடந்த பெற்றோல் பிசினாகி, தாங்கியில் துரு ஏறி, அது பம்புக்கும் காபரேற்றருக்கும் வந்துவிடும். உங்களுடையது எவ்வளவு காலம் நின்றது என்று கேளுங்கள். தாங்கியை இறக்கிக் கழுவி, பம்புக்குப் பிறகு ஒரு பில்டர் போட்டால் பாதித் தொல்லை போய்விடும்.

ஒன்று முக்கியம். 1967 பிற்பகுதி வரை வந்த மிட்ஜெட்களில் பற்றரியின் பொசிட்டிவ்தான் பொடிக்கு எர்த். என்னுடையது அப்படி. நீங்கள் பார்க்கிறது 1970 என்றால் நெகட்டிவாக இருக்க வேண்டும், ஆனாலும் பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள், யார் என்ன மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். இது தெரியாமல் போன் சார்ஜர் ஒன்றைப் பூட்டி, ஆரையம்பதி தாண்டுவதற்குள் பிளாஸ்டிக் மணம் வந்து, மேல்கூரை இல்லாத காரிலும் மூச்சு முட்டியது எனக்கு. அன்றிலிருந்து பொனற்றுக்கு உள்பக்கம் சிவப்புப் பெயின்ற்றால் பெரிய கூட்டல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எஞ்சின் சூடு ஏறும். நம் ஊரில் சூடு என்றால் உடனே தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். வேண்டாம், 74 பாகையில் திறப்பதைப் போட்டு, ரேடியேற்றரை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். காபரேற்றர் இரண்டின் தலையிலும் இருக்கிற கறுப்பு மூடியைத் திறந்து ஒயில் இருக்கிறதா பாருங்கள், 20 நம்பர் மெல்லிய ஒயில். அது இல்லாவிட்டால் மிதிக்கும்போது இழுக்காமல் திணறும், விற்கிறவர் எஞ்சின் பலவீனம் என்று நினைத்து விலையைக் குறைத்தும் தருவார்.

கம்பிச் சக்கரம் என்றால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இருக்க வேண்டும், மொத்தையாகக் கேட்பது தளர்ந்தது. நடுவில் இருக்கும் காதுள்ள நட்டின் மரை ஒரு பக்கம் வலம், மற்றப் பக்கம் இடம். எந்தப் பக்கம் கழற்றுவது என்று அதிலேயே அம்புக்குறி இருக்கும், பார்த்துவிட்டு அடியுங்கள்.

ஆவணம்: காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பர், செசி நம்பர் இரண்டையும் காரில் தொட்டுப் படியுங்கள். 1275 என்றால் எஞ்சின் நம்பர் 12 என்று தொடங்கும், 10 என்று தொடங்கினால் யாரோ 1098ஐத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட வெறும் தாளில் மூன்று கை மாறிய கார் என்றால், புத்தகத்தில் பெயர் உள்ளவரோ அவர் பிள்ளைகளோ நேரில் வரும்வரை காசு கொடுக்காதீர்கள்.

அக்கரைப்பற்றுக்கு எனக்கு இங்கிருந்து ஒன்றரை மணி நேரம். ஞாயிறு காலை என்றால் வரலாம், காந்தம் என்னிடம் இருக்கிறது. காரை மட்டும் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.