பொலிக்குதிரை சேர்க்கை, சந்தை, பண்ணை ஏலம்: கேள்வி பதில்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையை ஒட்டிக் குதிரைக்காரர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கோபியிலிருந்து: கத்தியவாரி இனப் பெட்டைக்கு மூணு தடவை சேர்த்தாச்சுங்கண்ணா, சினை நிக்கல. ஆண் குதிரையை மாத்திப் பாக்கட்டுமா?

மாத்தறதுக்கு முன்னாடி நாள் கணக்கைப் பாருங்க தம்பி. பெட்டை ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். பருவம் 5 முதல் 7 நாள் நீடிக்கும். மாட்டைப் போல ஒரே நாளில் முடிவதில்லை. கருமுட்டை வெளியாவது பருவம் அடங்குவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரத்தில்தான். வாலைத் தூக்கிய முதல் நாளே வண்டியில் ஏற்றிப்போய் ஒருமுறை சேர்த்துவிட்டுத் திரும்பினால், முட்டை வரும்போது விந்தணு உயிரோடு இருக்காது. அது பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும். பருவத்தின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தொடங்கி, பெட்டை ஆணை உதைத்து விரட்டும்வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேருங்கள். அதற்குப் பெட்டை சேர்க்கை நடக்கும் இடத்திலேயே ஒரு வாரம் தங்க வேண்டும். தங்க வைக்க முடியாதென்றால், கால்நடை மருத்துவரிடம் முட்டைப்பையை ஸ்கேன் பார்த்து, முட்டைக் கொப்புளம் 35 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகு வண்டி ஏற்றுங்கள்.

நாள் சரியாக இருந்தும் நிற்கவில்லையென்றால் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் நின்று அறையையும் (பிறப்புறுப்பின் வெளிவாய்) கவனியுங்கள். மெலிந்த, வயதான பெட்டைகளில் ஆசனவாய் உள்ளே இழுத்து, அறையின் மேல்பாகம் சாய்ந்து படுத்திருக்கும். சாணி அதன் மேலேயே வழியும், நடக்கும்போது காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அப்படிப்பட்ட பெட்டைக்கு எந்தக் குதிரையைச் சேர்த்தாலும் கிருமிதான் தங்கும். மருத்துவர் மேல்பாகத்தைத் தையல் போட்டு மூடுவார். ஈனும் முன் அந்தத் தையலைப் பிரிக்க மறந்தால் அறை கிழிந்துவிடும், அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

ஆண் குதிரையின் காது, நிறம், சுழி என்று பார்க்கச் செலவு செய்கிறவர்கள் பெட்டையின் கர்ப்பப்பையைப் பார்க்கச் செலவு செய்வதில்லை. நிற்காத சேர்க்கைகளில் பெரும்பங்கு அங்கேதான் தவறுகிறது.

பெருந்துறை: ஆண் குட்டிக்கு மூணு வயசாகுது. சேர்க்கைக்கு விடலாமுங்களா? எத்தனை பெட்டை வரைக்கும்?

விடலாம், அளவாக. முதல் பருவத்தில் 10, 12 பெட்டைக்கு மேல் வேண்டாம். முதல் பெட்டை அமைதியான, முன்பே ஈன்ற பெட்டையாக இருக்கட்டும். முதல் தடவையே உதை வாங்கிய குதிரை பிறகு ஏறத் தயங்கும். நன்றாக வளர்ந்த குதிரைக்கும் நாளுக்கு இரண்டு தடவை உச்சவரம்பு, வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு.

குதிரைக்குக் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் இரண்டு மாதம் பொறுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 57 நாள் ஆகிறது, காய்ச்சலின் பாதிப்பு அதுவரை தெரியும். சந்தையில் கழுத்துத் திமிறித் தெரிய வேண்டுமென்று ஆண் ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியால் விதை சுருங்கி விந்தணு குறைந்துவிடும். பொலிக்கு வைத்திருக்கும் குதிரைக்கு அதைப் போடவே கூடாது.

அதே ஊர்: ஒரு விதைதான் இறங்கியிருக்கு.

பொலிக்கு வைக்காதீர்கள். அந்தக் குறை குட்டிகளுக்கும் இறங்கும். காயடிக்கும்போது உள்ளே இருப்பதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் காயடித்த பின்பும் ஆண் குதிரையின் முரட்டுத்தனம் போகாது.

பவானி: சேர்க்கையன்னைக்கு என்னென்ன தயார் பண்ணணும்?

பெட்டையின் வாலைத் துணிப்பட்டையால் சுற்றுங்கள். அறையையும் சுற்றுப்புறத்தையும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஆணின் குறியில் சோப்போ டெட்டாலோ படவே கூடாது. அங்கே இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகள் போய்க் கெட்டவை குடியேறிவிடும்.

தரை வழுக்கக் கூடாது. பெட்டையோடு குட்டி இருந்தால் அதை இன்னொருவர் பெட்டையின் கண்ணில் படும்படி பிடித்திருக்கட்டும். பெட்டையைப் பிடிப்பவரும் ஆணைப் பிடிப்பவரும் குதிரையின் இடப்பக்கமே நிற்க வேண்டும், ஆண் இறங்கும்போது பெட்டையின் தலையை இடப்பக்கம் திருப்பினால் அதன் பின்கால் வலப்பக்கம் விலகும். முடிந்ததா என்று தெரிய ஆணின் வாலைப் பாருங்கள். ஏறி இடித்த பின் வால் நாலைந்து முறை மேலும் கீழும் அடித்தால் விந்து இறங்கியது என்று பொருள். வால் அடிக்காமல் இறங்கினால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சத்தியமங்கலம்: எப்ப ஸ்கேன் பாக்கறது? மருத்துவர் 15 நாளுன்னு சொல்றாரு, நண்பர் ரெண்டு மாசம் போகட்டும்கிறார்.

மருத்துவர் சொல்வதுதான் சரி. காரணம் இரட்டைக் கரு. குதிரையின் கர்ப்பப்பை இரண்டு குட்டிக்குப் போதாது, பெரும்பாலும் ஏழு, எட்டு மாதத்தில் இரண்டும் விழுந்துவிடும், பெட்டையும் பாதிக்கப்படும். 14 முதல் 16 நாளுக்குள் கரு இன்னும் ஓரிடத்தில் ஒட்டாமல் நகர்ந்துகொண்டிருக்கும். அப்போது ஒன்றைக் கையாலேயே பிரித்து நசுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம். 35 நாளைத் தாண்டினால் கர்ப்பப்பைச் சுவரில் ஹார்மோன் சுரக்கும் மேடுகள் உண்டாகிவிடும், அதன்பின் கரு போனாலும் பெட்டை மாதக்கணக்கில் பருவத்துக்கு வராது, அந்த வருடமே வீணாகிவிடும். 28, 30 நாளில் மறுபடி பார்த்து இதயத்துடிப்பை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாராபுரம்: வெளியூர்க் குதிரையைச் சேர்க்கைக்குக் கொண்டு வந்தா நோய் வருமுங்களா?

வரும். குதிரை, கழுதைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற கிருமி நோய் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும். தடுப்பூசி இல்லை, நோய் உறுதியான குதிரையைச் சட்டப்படி கொன்றுதான் ஆக வேண்டும். கால்நடைப் பராமரிப்புத் துறை மூலம் இரத்த மாதிரி கொடுத்து, ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்தின் சோதனை முடிவு கையில் வந்த பிறகே சேருங்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கால், வயிற்றடி வீக்கம், மெலிவு இருந்தால் சர்ராவையும் சோதிக்கச் சொல்லுங்கள், இரத்தம் குடிக்கும் பெரிய ஈ பரப்புகிற நோய் அது.

அந்தியூர்: சந்தையில பல்லைப் பாத்து வயசு சொல்றது எப்படிங்க?

கீழ்த்தாடையின் முன்பற்களில் நடுப்பல் இரண்டும் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் நிலைப்பல்லாக மாறும். அதன்பின் பல்லின் மேல்முகத்துக் குழி தேய்வதைப் பார்ப்பார்கள், நடுப்பல்லில் 6, அடுத்ததில் 7, ஓரத்தில் 8 வயதளவில் மறையும். பத்து வயதில் மேல்தாடை ஓரப்பல்லின் ஈறருகே ஒரு பள்ளக்கோடு தொடங்கி, 15இல் பாதி, 20இல் முழுப்பல்லுக்கும் வரும். எட்டுக்கு மேல் எல்லாம் உத்தேசக் கணக்கு.

குழியைத் தோண்டிக் கருக்கி இளசாகக் காட்டுவதும் உண்டு. உண்மையான குழியைச் சுற்றி வெள்ளை எனாமல் வளையம் விளிம்பாக நிற்கும், தோண்டிய குழியில் அது இருக்காது. வயதான குதிரைக்குரிய சாய்ந்து நீண்ட பல்லில் ஆழமான குழி தெரிந்தால், விலை பேசக் கையைத் துண்டுக்குள் விடாமல் நகருங்கள்.

காங்கேயம்: பண்ணையை மூடிட்டு வீட்டுச் சாமான், சேணம், குதிரை வண்டியெல்லாம் ஏலம் விடறாங்க. எதைப் பாக்கணும்?

“உள்ளது உள்ளபடி” என்று கூறித்தான் ஏலம் போடுவார்கள், வாங்கிய பின் கேட்க முடியாது. ஏலத்துக்கு முந்தைய நாளே போய்ப் பாருங்கள். சேணத்தில் தோலின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், உள்ளே உள்ள சட்டத்தைச் சோதியுங்கள். முன்பக்கத்தை இடுப்போடு அணைத்து, பின்பக்கத்தை மார்பை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தால் சட்டம் உடைந்தது. அது குதிரையின் முதுகைப் புண்ணாக்கும், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சேணவாரை மடித்துப் பாருங்கள், வெடிப்பு விழுந்தால் வாரை மட்டும் மாற்றலாம். வண்டியில் அச்சு, சக்கரக் குடம், குறுக்குச் சட்டத்தில் செல் அரித்திருக்கிறதா என்று கத்தி முனையால் குத்திப் பாருங்கள்.

சினைப்பெட்டை என்று ஏலத்தில் சொன்னால், சேர்த்த தேதி, ஸ்கேன் தாள் இரண்டையும் கேளுங்கள். தாள் இல்லையென்றால் வெறும் பெட்டையின் விலையே கேளுங்கள்.

கோபி, மறுபடி: சினை நின்னுட்டா ஈனற நாளை எப்படிங்கண்ணா கணக்கு வைக்கறது?

சராசரி 340 நாள், 320 முதல் 360 வரை இயல்பே. காம்பில் மெழுகு கட்டினால் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள். பனிக்குடம் உடைந்த பின் அரைமணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும், தாண்டினால் உடனே மருத்துவரை அழையுங்கள். பிறந்து ஒரு மணிக்குள் எழ வேண்டும், இரண்டு மணிக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், மூன்று மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் இழுக்காதீர்கள். உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் கர்ப்பப்பை அழுகி, நான்கு குளம்பும் கெட்டுப்போகும். கொடியைக் கணுக்காலுக்கு மேலே முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, விழுந்ததும் மருத்துவர் பார்க்க வாளியில் எடுத்து வையுங்கள்.