பள்ளி இணையம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: உலகப் பள்ளிகளுக்கு இணைய வசதி தரும் ‘கிகா’ திட்டத்தில் முதல் வேலையே பள்ளிகள் எங்கே என்று வரைபடம் போடுவதுதானாமே, ஏன்? (வாசகர், தக்கலை)

பதில்: 2019-ல் யுனிசெஃப்பும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் தொடங்கியது அது. பள்ளி எங்கே என்று தெரியாமல் ஃபைபர் கேபிளா, டவரா, செயற்கைக்கோளா என்று முடிவெடுக்க முடியாது. இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிப்பார்கள்: நாகர்கோவில் அட்சரேகை 8.18, தீர்க்கரேகை 77.41. இரண்டையும் மாற்றி எழுதினால் பள்ளி ஆர்க்டிக் கடலில் மிதக்கும்! அது உடனே கண்ணில் பட்டுவிடும். தசமப் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கத்தோடு நிறுத்துவதுதான் ஆபத்து: இடம் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகலாம். பேச்சிப்பாறை மலைப்பக்கம் அவ்வளவு தள்ளினால் பள்ளி குன்றுக்கு மறுபுறம் போய்விடும். டவருக்கும் பள்ளிக்கும் குறுக்கே தடையில்லாத நேர்ப்பார்வை உண்டா என்ற கணக்கே தப்பும். நான்கு இலக்கம் எழுதினால் பிழை பத்துப் பதினோரு மீட்டருக்குள் அடங்கும். கூரைக்கு அடியில் நிற்காமல், முற்றத்தில் நின்று, கைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் எண் மாறாமல் நிலைத்த பிறகு குறியுங்கள்.