பொந்து விழுந்த பலாவும் பெரிய பறக்கும் அணிலும்

கேள்வி: வால்பாறை அருகே எங்கள் காப்பித் தோட்டத்தில் பொந்து விழுந்த முதிய பலா ஒன்று நிற்கிறது. இருட்டியதும் அதிலிருந்து பூனையளவு விலங்கொன்று வெளிவந்து, போர்வையை விரித்தாற்போலச் சரிந்து எதிர்மரத்துக்குச் செல்கிறது. கோழிகளுக்கு ஆபத்து உண்டா? காய்ப்பு குறைந்த அந்தப் பலாவை வெட்டிவிடலாமா?

பதில்: தாங்கள் பார்த்தது பெரிய பறக்கும் அணில் என்றே தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கையிலும் வாழும் இது, வாலோடு சேர்த்து ஏறக்குறைய 1 மீட்டர் நீளமுடையது. பகலில் நடமாடும் மலையணிலை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இலை, மொட்டு, மரப்பட்டை, அத்திப்பழம் போன்றவையே இதன் உணவு. காட்டில் வெடிப்பலா என்னும் காட்டு மரத்தையும் நாடும். கோழிகளை இது தொடாது. கோழி காணாமற்போனால் மரநாயையோ காட்டுப்பூனையையோதான் சந்தேகிக்க வேண்டும்.

பலாவை வெட்ட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மரங்கொத்தியைப் போல மரத்தைக் குடைந்து வீடு அமைக்கும் திறன் இந்த அணிலுக்கு இல்லை. கிளை முறிந்த இடம் பல்லாண்டுகளாக உளுத்து உருவாகும் பொந்தில்தான் அது பகலில் உறங்குகிறது, குட்டியும் ஈனுகிறது. குட்டி பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், ஒரு பொந்து அழிந்தாலும் இழப்பு பெரிது. கிளை ஏதேனும் வீட்டின்மேல் விழும் நிலையிலிருந்தால், வனச்சரக அலுவலகத்தில் கேட்டு அதை மட்டும் கழித்துவிட்டு, பொந்துள்ள அடிமரத்தை நிற்கவிடுங்கள். இந்த விலங்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

இது பறவையைப்போல் பறப்பதில்லை. உச்சிக்கு ஏறி, நான்கு கால்களையும் விரித்துத் தாவும்போது, முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையிலுள்ள தோல்மடிப்பு விரிகிறது. மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்பு அம்மடிப்பின் ஓரத்தை மேலும் அகலமாக்குகிறது. எதிர்மரத்தை நெருங்கியதும் உடலை மேல்நோக்கி நிமிர்த்தி வேகத்தைத் தணித்து, நான்கு கால்களாலும் அடிமரத்தைப் பற்றிக்கொண்டு உடனே மேலேறத் தொடங்குகிறது. இவ்வாறு சரியும்போது உயரத்தை இழந்துகொண்டே வருவதால், மரங்களுக்கிடையே வெளி அகல அகல, தாவும் மரம் இன்னும் உயரமாக இருந்தாக வேண்டும். உயர்ந்த நாட்டு மரங்கள் நிழல்தரும் காப்பித் தோட்டத்தில் தாக்குப்பிடிக்கும் இது, மரங்கள் அரிதான தேயிலைப் பரப்பைக் கடக்க இயலாமல் சிறு காட்டுத் துண்டுகளிலேயே முடங்கிப்போவதற்குக் காரணம் அதுவே. தரையில் இறங்கினால் இதன் தோல்மடிப்பே இதற்குத் தடையாகிறது. நாய்க்கு எளிதில் இரையாகிவிடும். மாலையில் நாய்களைக் கட்டிவையுங்கள்.

பார்க்க விரும்பினால் பொந்துக்கு நேரே விளக்கடிக்காமல் சற்றுத் தொலைவில் நில்லுங்கள். டார்ச் விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்வது நல்லது. பலாவுக்கும் காட்டோரத்துக்கும் இடையே வெளி இருந்தால், வெளிநாட்டு நிழல்மரமான சில்வர் ஓக்கைத் தவிர்த்து அத்தி, பலா போன்ற மரங்களை வரிசையாக நடுங்கள். அவை உயர்ந்து வளரும்வரை இப்போதுள்ள நிழல்மரங்களின் உச்சியைக் கழிக்காமல் விடுங்கள்.